நாலாம் தூணும் குணரத்தினம் அண்ணையும்

செய்தி வந்த நேரத்தில் நான் மொன்ட்ரியாலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் அடித்தளத்தில் இருந்தேன். காங்கிரீட் தூண்களைத் தட்டிப் பார்த்து விரிசல் எழுதுகிற வேலை. அங்கே கைப்பேசி வேலை செய்யாது. பதினொரு மணிக்குத் தெருவுக்கு ஏறி வந்ததும் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் நம் தமிழ் மன்றத்துக்காரர்கள். யாரையும் திருப்பி அழைக்காமல் நேராகக் குணரத்தினம் அண்ணையின் மனைவி மனோ அக்காவையே அழைத்தேன். "தேத்தண்ணி ஆறுது, வாங்கோ எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டன் தம்பி. வரேல்லை. போய்ப் பாத்தால் கதிரையில இருந்தபடி, மடியில புத்தகம்," என்றார். என்ன புத்தகம் என்று கேட்டேன். கணவனை இழந்து மூன்று மணி நேரம் ஆன ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது! மனோ அக்கா கோபிக்கவில்லை. "வேற என்ன, உந்த வீட்டுப் புத்தகம்தான்," என்றார். அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதோம்.

குணரத்தினம் அண்ணை யாரென்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரை அறியாதவர் யாராவது இதைப் புரட்டினால் அவர்களுக்காக இரண்டு வரி: யாழ்ப்பாணத்துக்காரர். மொன்ட்ரியாலில் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். நமது மன்றத்தின் செயலாளர். ஆங்கிலேயர் மரத்தால் கட்டிய பழைய வீடுகளைப் பற்றி, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அரை மணி நேரம் பேசக்கூடியவர்.

முப்பத்தோராம் நாள் மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் மன்றத் தலைவர். "நீங்கள்தான் எழுதவேணும். மன்ற வீட்டைக் காப்பாத்தினது நீங்கள் ரெண்டு பேரும்தானே," என்றார். அந்த வாக்கியத்தில் பாதி பொய். மன்றத்தின் வாசலில் இருக்கிற பித்தளைத் தகட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'இவ்வீட்டின் பழைய மரச்சட்டத்தைக் கண்டறிந்த பொறியாளர்' என்று என் பெயரைப் போட்டிருக்கிறது. கண்டறிந்தவர் குணரத்தினம் அண்ணை. நான் அதை இடிக்கச் சொன்னவன். ஒன்பது ஆண்டுகளாக அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத என் கை வரவில்லை. அதனால் முழுக்கதையையும் எழுதிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து இங்கே வந்த முதல் பனிக்காலத்தில் அவருடைய பேருந்தில்தான் அவரைச் சந்தித்தேன். தொப்பி, மப்ளர், இரண்டு கோட்டு என்று நான் மூட்டை மாதிரி ஏறியதைப் பார்த்து, "இந்தியாவோ?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எங்கட ஆக்கள் ரெண்டாவது வருசத்தோட ஒரு கோட்டைக் கழட்டிப்போடுவினம்," என்றார். என்ன வேலை என்று விசாரித்தார். அன்றோடு என் பெயர் போயிற்று, அவருக்கு நான் எஞ்சினியர் ஆகிவிட்டேன்.

அவருடைய வழித்தடம் நகரத்தின் மேற்கே, ஆங்கிலேயர் குடியிருந்த பகுதி வழியாகப் போகும். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற வீடுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எனக்கு அவை அழகாகத் தெரிந்தன, அப்படியே சொன்னேன். "உதெல்லாம் மேக்கப், எஞ்சினியர்," என்றார் அண்ணை. உள்ளே சாதாரண செங்கல் சுவர், வெளியே ஒரு அங்குலப் பலகை ஆணியடித்துக் கறுப்புப் பூசியது. பழைய இங்கிலாந்து வீடு மாதிரித் தெரியவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்களாம். உண்மையான வீட்டில் அந்த மரம்தான் எலும்பு. முதலில் ஓக் மரத்தில் முழுச் சட்டத்தையும் நிமிர்த்திவிடுவார்கள். தூண், உத்திரம், இரண்டையும் மூலையில் பிடிக்கும் சாய்மரம். ஒரு மரத்தில் நாக்கு, மற்றதில் துளை, ஊடுருவி ஒரு மர ஆணி. இரும்பே கிடையாது. பிறகுதான் மரங்களுக்கு நடுவே குச்சி பின்னி மண் அப்புவது. "மண், வைக்கோல், மாட்டுச் சாணம். வெள்ளைக்காரனும் சாணம் பூசினவன்தான், பேந்து மறந்துபோனான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. தடத்தின் கடைசி நிறுத்தத்தில் அவருக்கு எட்டு நிமிட ஓய்வு. மற்ற ஓட்டுநர்கள் பக்கத்து டெப்பனர் பெட்டிக்கடைக்குக் காப்பி வாங்கப் போவார்கள். அண்ணை எதிர்வீட்டுக்குப் போய் அதன் கறுப்பு மரத்தைச் சுட்டுவிரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு ஒரு வயதான அம்மையார் நாயோடு வந்தார். "போன்ஜூர் மதாம், உங்கட மரம் பொய்," என்று அண்ணை தன் பிரெஞ்சில் அறிவித்தார். பொலிஸைக் கூப்பிடுவேன் என்றாராம் அம்மையார். அண்ணை அசரவில்லை. தட்டினால் டொக் என்று வெறும் பலகைச் சத்தம் வருவதை நாய்க்கும் அவருக்கும் சேர்த்துத் தட்டிக் காட்டியிருக்கிறார். அந்த அம்மையார் நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அடுத்த புதன்கிழமை நிறுத்தத்தில் ஒரு தடித்த புத்தகத்தோடு நின்றார். அதன் பிறகு பல ஆண்டுகள் புதன்கிழமை தோறும் பேருந்தின் முன்வாசல் வழியாக ஒரு புத்தகம் ஏறும், ஒரு புத்தகம் இறங்கும்.

மன்றத்துக்குச் சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்று நாம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், அண்ணையின் பேருந்து ஓடும் அந்தத் தெருவில் ஒரு பெரிய வீடு விலைக்கு வந்தது. பல ஆண்டுகள் அதில் ஒரு பியானோ ஆசிரியை குடியிருந்தார். உள்ளே எங்கு பார்த்தாலும் ஜிப்சம் பலகை, தாழ்ந்த பொய்க்கூரை, பூப்போட்ட சுவர்த்தாள். வாங்கின கையோடு மேல்மாடியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தொடங்கிவிட்டோம். கீழே இரண்டு அறைகளுக்கு நடுவில் நின்ற சுவரை எடுத்துவிட்டால் நடன வகுப்புக்கும் விழாக்களுக்கும் ஒரு மண்டபம் கிடைக்கும் என்பது எல்லோருடைய ஆசை. சுவரை எடுக்கலாமா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கேட்டார்கள். சம்பளமில்லாத வேலைதான், ஆனால் சபையில் எனக்கு அது பெரிய மரியாதை.

நான் அந்த வீட்டில் அரை மணி நேரம் இருந்தேன். அண்ணை கூடவே வந்தார். வெளியே நின்று, "இந்த வீட்டைப் பஸ்ஸில இருந்து பன்னிரண்டு வருசமாய்ப் பாக்கிறன். உந்தத் தெருவில மற்ற வீட்டு மரமெல்லாம் அடிமட்டம் வச்சுக் கீறினது மாதிரி நிக்குது. இதில ஒண்டாவது நேராய் நிக்குதே? பொய் மரம் நேராய் நிக்கும் எஞ்சினியர். மெய் மரத்துக்குத்தான் முதுகு வளையும்," என்றார். "அது அஸ்திவாரம் இறங்கியிருக்கும் அண்ணை," என்றேன் நான். தெரு முழுக்க மேக்கப் வீடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவர் சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்காமல் விட்டேன். ஒரு துளை போட்டுப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. 'வெளிமரம் அலங்காரம் மட்டுமே. நடுச்சுவர் பாரம் தாங்கவில்லை. அகற்றலாம்' என்று இரண்டு பக்க அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டுச் செயலாளரான அவர் கையில் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை ஆட்கள் சம்மட்டியோடு வருவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணை தொலைபேசியில் வந்தார். "எஞ்சினியர், ஒருக்கா மன்றத்துக்கு வாறீங்களே? ஒண்டும் அவசரமில்லை. தேத்தண்ணி போட்டு வச்சிருக்கிறன்." அவசரமில்லை என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டதும் கார்ச் சாவியை எடுத்தேன். போனேன். நடுச்சுவரில் சாமிப்படக் காலண்டரைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பலகையை அறுத்து வைத்திருந்தார். டார்ச் விளக்கை என் கையில் தந்தார். உள்ளே ஒரு அடி அகல ஓக் தூண். அதன் தோளில் ஒரு சாய்மரம் வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டும் சேருமிடத்தில் மர ஆணியின் தலை. அதற்குக் கீழே உளியால் வெட்டிய நாலு கோடுகள்.

"அந்தக் காலத்துத் தச்சன் சட்டத்தை முதல் நிலத்தில படுக்கவச்சுப் பூட்டிப் பாப்பான். பேந்து கழட்டி, எது எங்கை போகவேணும் எண்டு இப்பிடி நம்பர் வெட்டுவான்," என்றார் அண்ணை. "இது நாலு. விடியவே வந்து மற்ற மூலைகளையும் கொஞ்சம் கொஞ்சம் கிளறிப் பாத்தன். மூண்டும் இருக்கு, அஞ்சும் இருக்கு. மேல்மாடி உத்தரம் இந்த நாலிலதான் இருக்குது. நாளைக்கு இதை எடுத்தால் சனிக்கிழமை பிள்ளையள் எங்கை இருந்து படிக்கிறது?"

மேலே அந்த வகுப்பில் என் மகளும் படித்தாள். அதை அவர் சொல்லவில்லை, நான்தான் நினைத்தேன். என் கையெழுத்து, என் உரிமம், இருபது வருட வேலை எல்லாம் அதற்கு அடுத்துத்தான் மனதில் வந்தன. அவற்றுக்கும் நான் பயந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். அண்ணை தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு தன் பையிலிருந்து என் அறிக்கையை எடுத்து நீட்டினார். "உங்கட அறிக்கை எனக்கு இன்னும் வந்து சேரேல்லை," என்றார்.

"அண்ணை, உங்க கையிலதான இருக்கு!"

"வந்து சேரேல்லை எண்டுறன். வேற ஒருத்தரும் வாசிக்கேல்லை. நடுச்சுவரைத் திறந்து ஒழுங்காய்ப் பாத்து, புதுசாய் ஒண்டு எழுதித் தாங்கோ."

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "கண்ணாடியைப் பாக்காமல் பஸ்ஸைத் திருப்பினவன் நானும்தான் எஞ்சினியர். ஆளில படேல்லை. படாட்டி இறங்கி ஒருக்காப் பாத்திட்டு, அடுத்த ஸ்டொப்புக்குப் போறதுதான்," என்றார்.

திங்கட்கிழமை சம்மட்டியோடு வந்தவர்களைப் பலகையை மட்டும் கவனமாகக் கழற்றச் சொன்னோம். தலைவரிடம் அண்ணை, "எஞ்சினியர் மனசு கேக்காமல் ஞாயிற்றுக்கிழமையும் வந்து பாத்தவர்," என்று சொல்லிவிட்டார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்திலேயே நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை. எல்லோரும் கைகுலுக்கினார்கள், நானும் குலுக்கினேன்.

பலகைகள் விழ விழ உள்ளே ஒரு வீடு வெளியே வந்தது. நூலகத்து அம்மையாரும் அண்ணையும் சேர்ந்து பழைய காகிதங்களைத் தேடி அதன் வரலாற்றைப் பிடித்தார்கள். இங்கே தானிய வியாபாரத்தில் பணக்காரரான ஓர் ஆங்கிலேயர், தன் சொந்த ஊரில் இடிக்கவிருந்த ஒரு நானூறு வருடப் பண்ணை வீட்டை வாங்கியிருக்கிறார். மரம் மரமாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் புது எண் எழுதி, கப்பலில் ஏற்றி ஆற்று வழியாகக் கொண்டுவந்து இங்கே திரும்பப் பூட்டியிருக்கிறார். மண் சுவர் நம் குளிருக்குத் தாங்காது என்று இடையில் செங்கல்லை வைத்து, அடியில் ஒரு நிலவறையும் தோண்டிக் கணப்பு அடுப்பு வைத்திருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர்கள் உள்ளே எல்லாவற்றையும் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு மரத்திலும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று தச்சனின் உளி, மற்றது கப்பல்காரரின் மை. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு அண்ணை சொன்னார்: "கழட்டி, கப்பலேத்தி, வேற நாட்டில பூட்டின வீடு. எனக்குப் பிடிக்காமல் போகுமே? இதுக்கு நம்பர் போட்டாவது அனுப்பினவங்கள். எங்களை நம்பர் போடாமல் எல்லோ அனுப்பிப்போட்டாங்கள். அதுதான் கன பேர் பிழையான மூலையில பூட்டுப்பட்டு நிக்கிறம்." மன்றத்தில் அன்று அடங்க நேரமான சிரிப்பு அது.

ஆனால் சிக்கல் தீரவில்லை. இடைச்செங்கல்லை எடுத்து மண்டபம் கிடைத்தது, நாலாம் தூண் மட்டும் அதன் நட்ட நடுவில், தலைவாசலுக்கு நேர் எதிரே நின்றது. வாசலுக்கு நேரே தூண் நிற்கக்கூடாது என்று ஒரு கட்சி. மேடை தெரியவில்லை என்று இன்னொரு கட்சி. இரும்பு உத்திரம் போட்டுத் தூணை எடுத்துவிடலாம் என்று வேறோர் எஞ்சினியரைக் கேட்கும் அளவுக்குத் தலைவர் போய்விட்டார். எடுக்க முடியும்தான், அதுவே எனக்குக் கவலை. செலவுக்காக மட்டுமாவது வேண்டாம் என்று நான் வாதாடினேன், யாரும் மசியவில்லை. அந்த ஆனியில் அண்ணையின் மகளுக்குக் கலியாணம். மன்ற மண்டபத்திலேயே வைக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் கன்னிக்கால் நடவேண்டும். இந்தியாக்காரர்களுக்காகச் சொல்கிறேன், நம் பக்கத்துப் பந்தக்கால் போன்றது அது. யாழ்ப்பாணத்தில் முள்முருக்கு மரத்தின் கிளையை நடுவார்கள். மொன்ட்ரியாலில் முள்முருக்குக்கு எங்கே போவது? ஆளாளுக்கு அகப்பட்ட கொப்பை வாளி மண்ணில் நட்டுச் சமாளிப்பதுதான் வழக்கம். அன்று வாளியைக் காணோம். அண்ணை நாலாம் தூணைக் காட்டி, "ஐயா, இதுக்குச் செய்யுங்கோ," என்றார். ஐயர் தயங்கினார். "கன்னிக்கால் பச்சை மரமாய் இருக்கவேணும் குணரத்தினம். இது செத்த மரம்." அண்ணை இதற்காகவே காத்திருந்தவர். "ஓக் மரத்தை அவங்கள் காயவிட்டு வேலை செய்யிறேல்லை ஐயா. பச்சையாய் வெட்டி, பச்சையாய்ப் பொளிஞ்சு, பச்சையாய் நட்டவங்கள். காஞ்சால் உளி இறங்காது. நட்ட பிறகு நிண்டுகொண்டே காஞ்சதிலதான் உந்த ஆணி இறுகினது. நடேக்கை பச்சைதானே? பேந்து காயாத கன்னிக்கால் எங்கை இருக்கு?" என்றார். ஐயர் தூணை ஒரு முறை சுற்றிப் பார்த்தார், ஆணியைத் தொட்டுப் பார்த்தார். சிரித்துக்கொண்டே மஞ்சள் துணியைக் கேட்டார். மாவிலை கட்டி, சந்தனம் பூசி, நவதானியம் வைத்து அந்த ஆங்கிலேயத் தூண் கன்னிக்கால் ஆயிற்று. கன்னிக்காலைப் பிடுங்கு என்று சொல்ல எந்தத் தலைவருக்கு வாய் வரும்? அதன் பிறகு மொன்ட்ரியால்-நோரிலிருந்தும் லொங்குய்யிலிருந்தும் பெண் வீட்டார் அந்தத் தூணுக்காகவே மண்டபம் கேட்டு வருகிறார்கள். போன ஆண்டு என் மகளுக்கும் அதில்தான் மாவிலை கட்டினோம். மதுரைச் சொந்தக்காரர்கள் பந்தக்காலை இரு கையாலும் கட்டிப்பிடித்துப் பருமனை அளந்து பார்த்தார்கள்.

அந்தத் தகட்டை வைத்ததும் அண்ணையின் யோசனைதான் என்று தலைவர் பிறகு சொன்னார். ஒவ்வொரு தைப்பொங்கல் விழாவிலும் வீட்டின் கதையைச் சொல்லி, என்னை எழுந்து நிற்கச் சொல்லுவார்கள். அண்ணை கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கக் கைதட்டுவார். அவர் என்னைச் சீண்டுகிறார் என்றுதான் நினைத்தேன். விழா முடிந்து கோட்டு மாட்டும்போது, "எஞ்சினியர், என்ன கதைக்கேல்லை இந்த முறையும்?" என்பார். "பேச என்ன அண்ணை இருக்கு," என்று சிரித்து மழுப்பிவிடுவேன்.

இதை எழுதி முடித்ததும் தலைவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் மனோ அக்காவிடம் கொண்டுபோனேன். கணவரைப் பற்றித் தெரியாத ஒன்றை அச்சில் பார்த்து அவர் திகைக்கக்கூடாது என்பது என் எண்ணம். மொன்ட்ரியால்-நோரில் அவர்களுடைய அடுக்ககத்துச் சமையலறையில், கண்ணாடி போட்டுக்கொண்டு, மேலே உள்ள பத்தி வரை நிதானமாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உது எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி," என்றார். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சாப்பிடேக்கையே சொல்லிப்போட்டார். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டவர். 'அந்தாள் நல்ல மனிசன். தானாய்ச் சொல்லும். அது சொல்லுமட்டும் நாங்கள் கதைக்கக்கூடாது' எண்டவர்."

ஒன்பது ஆண்டுகள் அந்தச் சமையலறையில் எத்தனை முறை தேநீர் குடித்திருப்பேன்! ஒரு தடவைகூட அக்காவின் முகத்தில் நான் எதையும் பார்த்ததில்லை. பிறகு அண்ணை என்ன நினைத்தார், எப்போதாவது ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து சப்பாத்தைக் கழட்டேக்கை சொல்லுவார். 'இந்த வருசம் சொல்லும் எண்டு நினைச்சுக் கையைத் தட்டினன் மனோ. பறவாயில்லை, அடுத்த வருசம் சொல்லும்' எண்டு. பேந்து சிரிப்பார்."

தகட்டில் பெயரை மாற்றும்படி தலைவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைச் செய்ய ஒரு நாள் போதும். குணரத்தினம் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறு ஒன்று. நான் தவறு செய்ததை நேரில் கண்ட ஒரே மனிதர், நான் அதை நானாகவே சொல்லுவேன் என்று ஒன்பது பொங்கல் நம்பினார். அப்படி என்னை நம்புகிற யாரையும் இனி நான் காத்திருக்க வைக்கமாட்டேன்.

சொல்லிவிட்டேன் அண்ணை. ஒரு மாதம் பிந்திப் போயிற்று.